நாற்பது காகங்களின் கோபம்

ஆய்வறிக்கையை ஒப்படைக்க அன்றே கடைசி நாள். பேராசிரியரின் கையெழுத்து மட்டுமே பாக்கி. மாணவி அறைக்குள் நுழைந்தபோது அவர் ஹெல்மெட் அணிந்து அமர்ந்திருந்தார்.

"ஒரு வாரமா காக்காய்ங்க என்னை விரட்டி விரட்டிக் கொத்துதும்மா! ஆய்வுக்காக நாற்பது காக்காயைப் பிடிச்சுக் காலில் அடையாள வளையம் மாட்டினவ நீ. உன்னைக் கொத்தலையா?"

"இல்லை சார். பிடிச்சவங்க முகத்தைக் காகம் மறக்காதுன்னு நீங்கதானே பாடம் நடத்தினீங்க? அதனால முகமூடி போட்டுக்கிட்டேன்."

"கெட்டிக்காரி!" பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்தார். "என்ன முகமூடி?"

மாணவி ஓரடி பின்வாங்கினாள்.

"உங்க பாராட்டு விழாவுக்கு உங்க முகத்தையே முகமூடியா அச்சடிச்சோமே, அதுல ஒண்ணு மிச்சம் இருந்துச்சு சார்..."

பேராசிரியர் ஹெல்மெட்டைக் கழற்றி, வழுக்கைத் தலையை மெல்லத் தடவினார். அவளுக்கு அழுகை முட்டியது. அவரோ அறிக்கையை இழுத்துக் கையெழுத்திட்டார்.

"நான் நடத்தின பாடம் சரின்னு நிரூபணமாயிடுச்சு. ஆனா ஒரே முகத்தை வெச்சு முடிவுக்கு வரக்கூடாதும்மா. நாளைக்கே வேற நாற்பது காக்காயைப் பிடி."

"முகமூடி, சார்?"

"நம்ம துறைத்தலைவர் போட்டோ ஒண்ணு என்கிட்ட இருக்கு."