மிதிக்கக் கூடாத படி

"அக்கிரமத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

கத்தரிக்கோலைத் துணி மேலேயே போட்டுட்டு எழுந்தேன்.

"தைக்கிறதை விட்டுட்டு எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் என் மனைவி.

"தலைவரை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கணும். அப்புறம் நேரா நர்ஸம்மா வீட்டுக்கு."

"ஐயோ, அந்த வீட்டுக்கா? சபை விலக்கம் போட்டிருக்காங்களே! நம்மளையும் தள்ளி வெச்சுடுவாங்க."

"வெக்கட்டும்!"

பின்னே என்னங்க? எங்க சபைத் தலைவரோட மகன் குடிச்சுட்டுப் பெண்டாட்டி மணிக்கட்டை உடைச்சான். கட்டுப் போட்ட நர்ஸம்மா, பாவம்னு அந்தப் பெண்ணைத் தன் வீட்டிலேயே வெச்சுக்கிட்டாங்க. அவ பக்கம் போகக் கூடாதுன்னு கோர்ட்டு அவனுக்குத் தடை உத்தரவு போட்டுச்சு. மதிச்சானா? ரெண்டு தடவை வந்து கதவை உடைக்கப் பார்த்தான். போலீஸ் வர்றதுக்குள்ள ஓடிட்டான்.

அந்தப் பிள்ளையைப் பெத்த மகராசன் என்ன செஞ்சார் தெரியுமா? போன வாரம் சபை நடுவில எழுந்து நின்னு, "புருஷன் வீட்டை விட்டு வந்தவளுக்கு இடம் கொடுத்த நர்ஸுக்கு விலக்கம்"னு அறிவிச்சார். அத்தனை பேரும் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். நானும்தான்.

தலைவர் தன்னோட இரும்புக் கடையில ஆணி நிறுத்துக்கிட்டிருந்தார்.

"வா டெய்லர்."

"வர்றது இருக்கட்டும். அடிச்சவன் உங்க மகன். அவன் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுத் திரியறான். கட்டுப் போட்டவங்களுக்கு விலக்கமா? தன் பிள்ளைன்னா ஒரு நியாயம், ஊரான்னா ஒரு நியாயமா?"

அவர் தராசையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"அந்தம்மா கையால ஊசி போட்டுக்காத வீடு நம்ம சபையில உண்டா? வெட்கமா இல்லை உங்களுக்கு? நான் இப்பவே அவங்க வீட்டுக்குப் போறேன். என் பின்னாலே பத்துப் பேர் வருவாங்க. உங்க விலக்கம் என்ன ஆகுதுன்னு பாருங்க!"

கடையில இருந்த ஒரே வாடிக்கைக்காரர் ஆணியை வாங்கிக்கிட்டு நழுவினார். தலைவர் அவர் தெருவைத் தாண்டுற வரைக்கும் காத்திருந்தார்.

"விலக்கம்னா என்ன அர்த்தம், சொல்லு பார்ப்போம்."

"எனக்கா தெரியாது? விலக்கம் போட்ட வீட்டுல யாரும் பேச்சு வெச்சுக்கக் கூடாது. வாசப்படியை மிதிக்கக் கூடாது."

"மிதிச்சா?"

"மிதிச்சவனுக்கும் விலக்கம். கடைப் பக்கம் ஒருத்தன் வர மாட்டான். செத்தாத் தூக்க ஆள் இருக்காது."

"என் மகன் கடைக்கு வர்ற வாடிக்கை யாரு? கூடக் குடிக்கிறவன், சீட்டாடுறவன் யாரு?"

"எல்லாம் நம்ம சபை ஆளுங்கதான்."

"போன வாரத்துக்கு அப்புறம் அவன் அந்தப் பக்கம் போனானா?"

நர்ஸம்மா வீட்டுக்கு எதிர்த்தாப்பலதான் என் கடை. இந்த வாரம் அங்க சத்தமே இல்லை.

"கோர்ட்டுக்குப் பயப்படலை, பெத்தவன் சொல்லுக்கும் பயப்படலை" என்றார் தலைவர். "கடைசியில அந்தம்மாதான் எனக்கு யோசனை சொல்லிச்சு. 'எனக்கு விலக்கம் போடுங்கய்யா, ஊர் ஏசினா ஏசட்டும், உங்க மருமக நிம்மதியாத் தூங்குவா'ன்னு."



அவர் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார்.

"உன் கோபம் நியாயம்தான்யா. ஆனா இன்னிக்கு நீ அந்தப் படியை மிதிச்சா, நாளைக்கு அவனும் மிதிப்பான்."