பாலாறு ஏறிய உயரம்

"கீழ்த்தட்டு நனைஞ்சது சரி. மேல்தட்டுக் காகிதக் கட்டெல்லாம் எப்படி ஐயா சேறாச்சு?"

விசாரணைக்காக வேலூரிலிருந்து வந்திருந்த ஆதிகேசவன் அலுப்போடு கேட்டார். வெள்ளம் வடிந்ததிலிருந்து ஊர் ஊராக இதே வேலை. எந்தத் தாலுகா கச்சேரிக்குப் போனாலும் இதே சேற்று நாற்றம்.

ரிக்கார்டு ரூம் சுவரில் தண்ணீர் நின்ற கறை இடுப்பளவுக்குத்தான் இருந்தது.

"கை தவறி விழுந்திடுச்சிங்க" என்றார் ரிக்கார்டு கீப்பர் சாமிநாதன். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. நின்றபடியே தூங்கிவிடுவார் போலிருந்தது.

"அத்தனையுமா?"

சாமிநாதன் கையில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டினார்.

"நூறு வருஷத்து நிலக் கணக்கு! வேப்பிலை போட்டு, துணி சுத்தி, கரையான் அண்டாம காப்பாத்தினதை ஒரே நாள்ல சேத்துல போட்டிருக்கீர். நாளைக்கு ஒருத்தன், 'இது என் பாட்டன் நிலம்'னு வந்து நின்னா எதைக் காட்டுவீர்?"

"தப்புதாங்க."

"நான் எழுதி, கலெக்டர் துரை கையெழுத்துப் போட்டா உம்ம வேலை போயிடும்."

"தெரியுங்க. எழுதிடுங்க."

இவ்வளவு அலட்சியமா! ஆதிகேசவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் வெளியே பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் பெண்கள் நாலைந்து பேர், கட்டுகளைப் பிரித்துத் தாள் தாளாக நிழலில் உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"யாரைக் கேட்டு சர்க்கார் காகிதத்துல கை வெச்சீங்க? கூலி யார் தர்றது?"

சவுரியம்மாள் என்பவள் எழுந்து நின்றாள்.

"கூலிக்கு வர்லிங்க எசமான். அன்னிக்கு எங்க சேரியே முழுகிப் போச்சி. இவருதான் இந்த ரூமைத் தொறந்துவுட்டாரு. தண்ணி உள்ளயும் ஏறிச்சி. மேல இருந்த கட்டுங்கள எல்லாம் எறக்கி அடுக்கி, அதுமேல எங்க புள்ளைங்கள நிக்க வெச்சாரு. எங்க புள்ளைங்க மிதிச்ச சேறுங்க இது."

ஆதிகேசவன் மெல்லத் திரும்பினார்.

"இதை ஏன் ஓய் சொல்லலே?"

"வெளியாள் உள்ள வரக்கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்க. சொன்னா நீங்க எழுதுவீங்க. எழுதினா அவங்க மேல கேஸ் வரும். என்னோட போகட்டும்னு விட்டுட்டேன்."

"அதுக்காகப் பொய்யா எழுத முடியும்? ரிக்கார்டுன்னா அதுல உண்மைதான் இருக்கணும்."

ஆதிகேசவன் வெளியே உலரும் தாள்களைப் பார்த்தார். பிறகு பேனாவை மையில் தோய்த்து, விறுவிறுவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த அறிக்கை இன்றும் பத்திரமாக இருக்கிறது. அதன்படி, அந்த வருஷம் பாலாற்று வெள்ளம் ரிக்கார்டு ரூமின் மேல்தட்டையும் தாண்டி ஓடியது.