ஏழு தலைமுறைச் செம்பு

"வெளியில இருந்து வந்தது எதுவும் இந்த அலமாரியில ஏறாது. சொல்லிட்டேன்."

மாமனார் சொன்னால் சொன்னதுதான். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், உலகத்தையே அந்தக் கணக்கில்தான் பார்ப்பார். ஆறு பேர் ஏறும் லிஃப்டில் ஏழாவது ஆள் கால் வைத்தால் கதவு மூடாது. பூஜை அலமாரியும் அப்படித்தான் என்பது அவர் கட்சி.

வீட்டுக்குப் பெயின்ட் அடித்து முடிந்திருந்தது. கீழே இறக்கிய சாமி சாமான்களை அன்றைக்கு மறுபடி மேலே வைக்க வேண்டும். ஒருமுறை வைத்துவிட்டால், அடுத்த பெயின்ட் வரை எதையும் நகர்த்த விடமாட்டார். அதனால்தான் மருமகள் துணிந்து கேட்டுவிட்டாள். உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு படம், அவளுடைய தியான வகுப்பின் குருவம்மா படம். அதை ஓரமாக வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்குத்தான் இந்தப் பதில்.

அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். போன வருடம் அவளுடைய அம்மா இறந்ததிலிருந்து கை நடுங்க ஆரம்பித்தது. ஊசி பிடித்த கை நடுங்கினால் யார் நம்பிக் கையை நீட்டுவார்கள்? வேலையே போய்விடும் போலிருந்த நேரத்தில், கூட வேலை பார்க்கும் நர்ஸ் அந்த வகுப்புக்கு இழுத்துப் போனாள். தினமும் காலையில் இருபது நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது, அவ்வளவுதான். மூன்று மாதத்தில் நடுக்கம் நின்றது.

அந்தப் படம் இப்போது கைப்பையில் சாப்பாட்டு டப்பாவோடு இடிபட்டுக்கொண்டிருக்கிறது. அவள் தியானத்துக்கு உட்காருவது வாஷிங் மெஷின் பக்கத்தில். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த வீட்டில் தனக்கென்று அவள் இடம் கேட்டது இதுதான் முதல் தடவை.

"ஒரு ஜாண் இடம் போதும் மாமா."

"இடம் இல்லைன்னா சொன்னேன்? முறை இல்லைங்கறேன். இந்தச் செம்பு எங்க கொள்ளுத்தாத்தா தலையில சுமந்துட்டு வந்தது. ஏழு தலைமுறையா எங்க குலசாமி இதுலதான் இருக்கு. அதுக்குப் பக்கத்துல, நேத்து வந்தவங்களை உக்கார வைக்கச் சொல்றியே. மூச்சு விடறதுக்கெல்லாம் ஒரு குருவா? நான் அறுபத்தெட்டு வருஷமா யார்கிட்டயும் கத்துக்காமத்தான் விட்டுக்கிட்டு இருக்கேன்."

கொள்ளுத்தாத்தாவுக்கும் ஏழு தலைமுறைக்கும் கணக்கு உதைக்கத்தான் செய்தது. மகன் கல்யாணத்தின்போது அது மூன்று தலைமுறையாக இருந்தது. பேரன் பிறந்ததும் ஐந்தானது. அவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு ஏழு. வீட்டில் யாரும் அதைத் தட்டிக் கேட்டதில்லை.

'நேத்து வந்தவங்க' என்றது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த பெயின்டைச் சுரண்டுவதில் திடீரென்று மும்முரமாகியிருந்தான்.

ஓரமாக உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்தார். செம்பைத் துலக்க வேண்டும், ஆம்பளைகள் வெளியே போகலாம் என்றார்.

அது அந்த வீட்டுக் கட்டளை. செம்பைச் சுற்றியிருக்கும் சிவப்புத் துணியை வீட்டுக்கு வந்த மருமகள்தான் அவிழ்க்க வேண்டும், ஆண்கள் பார்க்கவே கூடாது. மாமனார் இதில் எல்லாரையும்விடக் கறார். மகனைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், கதவையும் அவரே சாத்தினார்.

"எனக்கு விரல் மடங்க மாட்டேங்குது. இந்தத் தடவை நீ அவுத்துடும்மா," என்றார் மாமியார்.

இத்தனை வருடத்தில் அவள் அந்தச் செம்பைத் தொட்டதே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பிடி மண் இருந்தது. அதை மாமியார் பத்திரமாக ஒரு தட்டில் எடுத்து வைத்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, அந்தப் படத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

"எதுக்கு அத்தை?"

"செம்புக்கும் துணிக்கும் நடுவுல செருகிக் கட்டு. யார் அவுத்துப் பார்க்கப் போறா?"

மருமகளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் திருட்டுத்தனமாக ஏற வேண்டுமா என்றும் இருந்தது.

"வெளியில இருந்து வந்தது ஏறாதுன்னு மாமா அவ்வளவு சொன்னாரே அத்தை. சாமி குத்தம் ஆயிடாதா?"

மாமியார் செம்பைக் கவிழ்த்து அவளிடம் நீட்டினார். பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் பாத்திரங்களில் வெட்டுவார்களே, அதேபோல அடியில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. மாமியாருடைய அப்பாவின் பெயர். அதன் கீழே, கூடத்தில் மாட்டியிருக்கும் மாமனார் மாமியார் கல்யாணப் போட்டோவில் உள்ள அதே தேதி.

"நான் வந்தப்ப அந்த அலமாரி காலி. இவங்க குலசாமி யாருன்னே இவங்களுக்குத் தெரியலை. எங்க வீட்டு ஆத்தாவை நான்தான் புடவைக்கு நடுவுல வச்சு எடுத்துட்டு வந்தேன். கல்யாணமான கையோட உங்க மாமாவுக்கு ஒரு வருஷம் வெளியூர்ல வேலை. திரும்பி வந்து கேட்டவர்கிட்ட, உங்க கொள்ளுத்தாத்தா கொண்டு வந்ததுன்னு அவங்க அம்மா சொல்லிட்டாங்க," என்ற மாமியார், செம்புக்குள் மண்ணைத் திரும்ப வைத்தார். "நீ இறுக்கிக் கட்டும்மா. உன் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகறதுக்குள்ள உங்க குருவம்மாவுக்கும் ஏழு தலைமுறை ஆயிடும்."