வைரவனின் தட்டு

குற்றாலிங்கத்தின் வீடு சுத்த சைவம். அவருடைய நாய் வைரவனுக்கோ எலும்பு துருத்தி, முடி கொட்டியது. இறைச்சி கொடுத்தால்தான் பிழைக்கும் என்றார் டாக்டர். கடையில் இருந்த டப்பாக்களில் உயிர்க்கொலை இல்லாதது ஒன்றுதான். எஜமானின் தொடையில் கடுகளவு சதை எடுத்து, ஆலையில் வளர்த்து அடைத்துத் தருவார்கள். குற்றாலிங்கம் பெருமையாகத் தொடையைக் காட்டினார்.

"உங்க உடம்பு ஒரு சீவனுக்காவது உதவுதே!" என்றாள் மனைவி கோமதி.

வைரவன் பளபளவென்று தேறினான். தட்டில் வைத்தாலும், அவர் "சாப்பிடு" என்று சொல்லாமல் வாய் வைக்கமாட்டான். அவ்வளவு ஒழுக்கம்.

அடைமழையில் டப்பா வண்டி வராத வாரம், தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டு அவர் வேட்டியை முகர்ந்தான். பிறகு பாய்ந்தான். தொடை கிழிந்து சுவரெல்லாம் ரத்தம் தெறித்தது.

கோமதி அம்மிக்குழவியோடு ஓடிவந்தாள். "நன்றிகெட்ட நாயே, செத்துத் தொலை!" முதல் அடியிலேயே வைரவனின் பின்னங்கால் முறிந்தது. குழவி மறுபடி உயர்ந்தது.

"ஏளா, நில்லு! அங்க பாரு!" என்று கத்தினார் குற்றாலிங்கம்.

வைரவன் காலை இழுத்துக்கொண்டு போய், வாயில் கவ்வியிருந்த சதைத்துண்டைத் தன் தட்டில் வைத்துவிட்டு, வாலை ஆட்டியபடி எஜமானின் முகத்தையே பார்த்துக் காத்திருந்தான்.

குற்றாலிங்கம் வேட்டியால் தொடையை அழுத்திக்கொண்டார்.

"சாப்பிடுடா," என்றார். "ஆறிடப் போகுது."