வெடித்த விரல்கள்
தென்கோளத்து நகரமான மோன்டேவீடியோவின் ஜூலைக் குளிர் ஆய்வக ஜன்னலில் ஈரமாகப் படிந்திருக்கிறது. மூலக்கூறுகளை எடைபோட்டு இனங்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் சீராக உறுமுகிறது. குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு வரவைத்த ஊசிமருந்தில் பாலிமரே இல்லை என்று சாதிக்கிறது கம்பெனி. "போன வாரம் மெஷின் காட்டினது உன் கை க்ரீம்ல இருக்கிற பாலிமரைத்தான், நெலிதா," என்று திறந்த கதவுக்கு வெளியே நின்று மாத்தே பானத்தை உறிஞ்சியபடி சீண்டுகிறார் மேலாளர் ஒராசியோ. மெஷின் முன்னால் நிற்கும் நெலிதா முதலில் வெறும் தண்ணீரை அதில் செலுத்துகிறாள். திரையில் தட்டையான கோடு. அடுத்து, அதே கைகளால், மருந்து. சம இடைவெளியில், சீப்புப் பற்களைப் போல, பாலிமரின் முகடுகள் எழுந்து திரையை நிறைக்கின்றன. உறிஞ்சும் சத்தம் நின்றுபோகிறது. "கம்பெனிக்காரனுக்கு நீயே போன் போடு," என்கிறார் ஒராசியோ. "போடறேன், இருங்க." ஒரு வாரமாகத் தொடாத க்ரீமைப் பையிலிருந்து எடுத்து, குளிரில் வெடித்த விரல்களில், அவர் பார்க்கப் பார்க்க, நிதானமாகத் தடவிக்கொள்கிறாள்.