நூற்றுக்குத் தொண்ணூற்றாறு

கார் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என் போனில் ஒரு ஆப் போட்டுவிட்டார். வண்டி ஓடும் லட்சணத்தைப் பார்த்து அது மார்க் போடும். ஒரு மாதத்தில் தொண்ணூறைத் தாண்டினால் பிரீமியத்தில் கால்வாசி குறையும்.

தொண்ணூற்றாறு வாங்கினேன்! கீழ்வீடு, மேல்வீடு, லிஃப்ட் என்று பார்த்தவரிடமெல்லாம் காட்டினேன்.

ஏஜென்ட் போன் செய்தார். "இப்படி ஒரு டிரைவரை நான் பாத்ததே இல்ல சார்! என்ன ரகசியம்?"

"நிதானம்தான். பிறவியிலேயே வந்தது" என்றேன்.

மனைவி போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணே, இவரு தூண்ல இடிச்சு, காரு ஒரு மாசமா பட்டறையில கிடக்கு. ஆபீசுக்கு பஸ்லதான் போறாரு."

எனக்கே அப்போதுதான் உறைத்தது. தள்ளுபடியும் போயிற்று, மானமும் போயிற்று.

ஏஜென்ட் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அந்த பஸ் டிரைவருக்கு சொந்தமா கார் இருக்காம்மா?"