ஒன்பது மாமாக்கள்

“ஒரே வீட்டுல ஒன்பது மாமாவா?”

பிரம்மநாயகம் படிவத்தை மேசை மேல் போட்டார். எதிரே நின்ற பேராச்சி தலையைக் குனிந்துகொண்டாள். பம்பாய் தாராவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு படிக்கிற பெண்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுகாதார ஆராய்ச்சிப் பயிற்சி என்று 1966-ல் ஒரு திட்டம் வந்திருந்தது. பிள்ளைகள் வீடு வீடாகப் போய், யாருக்கு இருமல், எத்தனை நாளாக என்று கேட்டு எழுத வேண்டும். இருமுகிறவர்களிடம் டப்பா கொடுத்துச் சளி வாங்கி வர வேண்டும். டி.பி. என்று தெரிந்தால் டிஸ்பென்சரியில் மாத்திரை இலவசம்.

பிள்ளைகள் ஒழுங்காகச் செய்தார்களா, அடுத்த வருஷமும் திட்டத்தை நடத்தலாமா என்று பார்த்து எழுத சுகாதார ஆபீஸ் அனுப்பிய ஆள்தான் பிரம்மநாயகம். பக்கத்து மாட்டுங்காவாசி. யார் என்ன சொன்னாலும் பாதிதான் நம்புவார். கிங்ஸ் சர்க்கிள் ஹோட்டலில் காப்பி வந்தால்கூட ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

“உங்க சந்துல நாப்பது வீடு. முப்பத்தொன்பது வீட்டுல ஒருத்தருக்கும் இருமல் இல்லே. உன் வீட்டுல மட்டும் ஒன்பது பேருக்கு. உறவுங்கற கட்டத்துல ஒன்பது தடவை மாமா, மாமான்னு எழுதியிருக்கே!”

“எல்லாரும் மாமாதான் சார்.”

“அஞ்சு பேருக்கு டி.பி.ன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. மாத்திரை எல்லாம் நீதான் கையெழுத்துப் போட்டு வாங்கறே. வாங்கி என்ன பண்றே? கடையில விக்கறியா?”

அவர் படிவத்தை விரலால் தட்டினார்.

“பொய்னு நான் எழுதினா உனக்கு சர்ட்டிபிகேட் கிடையாது. இந்த ஸ்கூல்ல டிரெயினிங்கும் கிடையாது. மாத்திரையும் நின்னுடும்.”

மாத்திரை என்றதும் சட்டென்று நிமிர்ந்தாள்.

“அதை மட்டும் நிப்பாட்டிராதீய சார்!”

சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறோம் என்று பிரம்மநாயகத்துக்குத் திருப்தியாக இருந்தது. “நட. உன் வீட்டைக் காட்டு” என்றார்.

வீடு என்பது ஒரே ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை. ஒன்பது மாமா வேண்டாம், மூன்று மாமா காலை நீட்டிப் படுத்தாலே வாசலுக்கு வெளியே வந்துவிடுவார்கள். பேராச்சியின் அம்மா பூமாரி இட்லித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“வீட்டுல எத்தனை பேரும்மா?”

“நானும் இவளுந்தான் சார். இவ அப்பா போயி மூணு வருசம் ஆச்சு.”

“மாமாவெல்லாம்?”

“எந்த மாமா?” பூமாரி மகளைப் பார்த்து விழித்தாள்.

பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து யாரோ விடாமல் இருமுகிற சத்தம் கேட்டது. பிரம்மநாயகம் போய்க் கதவைத் தட்டினார். இசக்கி என்கிற தோல் கம்பெனித் தொழிலாளி வெளியே வந்தான்.

“என்னப்பா, இருமலா?”

“எனக்கா? யாரு சொன்னா? நான் நல்லா கல்லு மாதிரி இருக்கேன் சார்!”

அடக்கி வைத்த இருமலில் அவன் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். எதிர் வீட்டிலும் இதே கதைதான்.

“என்ன நாடகம் இது?” பிரம்மநாயகம் பேராச்சியைத் தனியாகக் குழாயடிக்கு அழைத்துப்போய்க் கேட்டார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இருமுதவனை கம்பெனி கேட்டுக்குள்ளயே விடமாட்டாவ சார். படிவத்துல பேரு ஏறினா வேலை போயிரும்னு எல்லாருக்கும் பயம். எங்க அப்பாவும் அப்படித்தான் மறைச்சாவ. மறைச்சு மறைச்சே செத்துப் போனாவ. அதான் எல்லாரையும் எங்க வீட்டுல எழுதிட்டேன். எங்கம்மா இட்லி விக்கா, எங்களை யாரும் வேலைய விட்டுத் தூக்க முடியாதுல்லா?”

“பேரெல்லாம்?”

“நானா வச்சதுதான். ஆனா மாமாங்கறது பொய் இல்ல சார். எல்லாரும் எங்க ஊரு. மாமான்னுதான் கூப்பிடுதேன்.”

“மாத்திரை?”

“காலைல பள்ளிக்கூடத்துக்குப் போகையில ஒவ்வொரு வீடாப் போயிக் குடுப்பேன். என் கண்ணு முன்னால முழுங்கினாத்தான் நகருவேன்.”

பிரம்மநாயகம் பையிலிருந்த படிவத்தை எடுத்துப் பிரித்தார். பிறகு, “ஆராய்ச்சின்னா உள்ளதை உள்ளபடி எழுதணும். சொல்லிக் குடுத்தாங்களா இல்லையா?” என்றார். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

“குடுத்தாவ சார். இந்தச் சந்துல இருமுதவங்க ஒன்பது பேரு. அதுல ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. வீட்டு நம்பருதான் தப்பு.”

அவர் பேனாவைத் திறந்தார். அவர் கை போகிற இடத்தையே பேராச்சி பார்த்துக்கொண்டு நின்றாள். அஞ்சு பேர் உயிர் அந்தப் பேனா முனையில் இருந்தது.

“நேரில் போய்ப் பார்த்தேன். ஒன்பது பேர். கணக்கு சரி. பயிற்சியை அடுத்த வருஷமும் நடத்தலாம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பேராச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். அவர் கிளம்பவில்லை. சந்தின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

“சளி டப்பா மிச்சம் இருக்கா?”

“ஒண்ணு இருக்கு. யாருக்கு சார்?”

“மூணு மாசமா எனக்கும் இருமல்மா. சுகாதார ஆபீஸ்லயே தெரிஞ்சா உத்தியோகம் போயிடும். பத்தாவதா ஒரு மாமா எழுதிக்கோ. பேரை நீயே வச்சிரு.”